பின்பக்கக் கையெழுத்து

முனிர்கா, புது தில்லி
8.3.1982

அன்புள்ள மாமிக்கு,

வள்ளி எழுதுவது. ஆபீஸ் கடிதத்துக்குள் ஒரு துண்டுத் தாளில் தமிழில் நாலு வரி எழுதி வைப்பேனே, இது அப்படிப்பட்டதல்ல. என் காசில் வாங்கிய இன்லண்டில், என் அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். அறைத் தோழி செல்வியிடம்கூட வீட்டுக்கு எழுதுவதாகத்தான் சொல்லியிருக்கிறேன்.

மகாதேவன் மாமாவின் பிராவிடண்ட் பண்ட் நாற்பதாயிரம் கடைசியில் கைக்கு வந்துவிட்டது என்று சென்ற வாரம் நீங்கள் வைத்தி சாருக்கு எழுதியிருந்தீர்கள். முன்பு அறுபதாயிரத்தைப் பேப்பர் செய்யும் கம்பெனியில் டெபாசிட் போட்டுக் கொடுத்தது போல இதையும் நல்ல இடமாகப் பார்த்துப் போடச் சொல்லிக் கேட்டிருந்தீர்கள். சார் அன்றைக்கே பதில் சொல்ல, நான் டைப் அடித்தேன். தாமதம் செய்யாமல் எங்கள் ஆபீஸ் பெயருக்கு டிராஃப்ட் எடுத்து அனுப்பச் சொல்லும் அந்தக் கடிதம் இதற்குள் உங்களுக்குக் கிடைத்திருக்கும்.

அனுப்ப வேண்டாம் மாமி.

காரணத்தை இந்தக் கடிதத்தில் எழுத எனக்குத் தைரியம் இல்லை. நான் இப்படி எழுதினேன் என்பது சாருக்குத் தெரிய வேண்டாம். பணம் இப்போது எந்த பாங்கில் இருக்கிறதோ அங்கேயே இருக்கட்டும். பதிலை ஆபீஸுக்கு எழுதாமல் மேலே உள்ள முனிர்கா விலாசத்துக்கு எழுதுங்கள்.

தங்கள்
வள்ளி


ஸ்ரீரங்கம்
14.3.1982

வள்ளிக்கு சுந்தரவல்லி ஆசீர்வாதம். இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். உன் கடிதம் வந்ததிலிருந்து என் சௌக்கியம் போயிற்று.

அனுப்ப வேண்டாம் என்கிறாய், காரணம் சொல்ல மாட்டேன் என்கிறாய். வைத்திக்குத் தெரியக்கூடாது என்கிறாய். அவனிடம் சம்பளம் வாங்குகிறவள் நீ. அவனை எனக்கு இருபது வருஷமாகத் தெரியும். இவரோடு கிருஷி பவனில் ஒரே செக்‌ஷனில் இருந்தவன். வேலையை விட்டுவிட்டு கன்னாட் பிளேசில் மாடியில் போர்டு மாட்டி, ரிடையர் ஆனவர்களின் பணத்துக்கு யோசனை சொல்லப் போகிறேன் என்றபோது எல்லோரும் சிரித்தார்கள். இன்றைக்கு, நாங்கள் குவார்ட்டர்ஸில் இருந்த மோதி பாக்கில் அவனைக் கேட்காமல் ஒரு தமிழ்க் குடும்பமும் பத்து ரூபாய் எடுத்து வைப்பதில்லை. இவர் போன அன்று முதலில் வந்து நின்றவன் வைத்தி. குவார்ட்டர்ஸை உடனே காலி செய் என்று நோட்டீஸ் வந்தபோது அலைந்து ஆறு மாதத் தவணை வாங்கித் தந்தவனும் அவன்.

அப்போது அவன் கூட வந்தவள் நீ. நினைவிருக்கிறதா? டெபாசிட் ரசீதை மணையின்மேல் வைத்து, "மாமி, முன்னால ஒரு கையெழுத்து, பின்னால ஸ்டாம்பு மேல ஒரு கையெழுத்து" என்றாய். பணம் திரும்ப வாங்கும்போது போடுகிற கையெழுத்தை இப்போதே எதற்கு என்று நான் கேட்கத்தான் கேட்டேன். "நீங்க தெக்க போயிருவீங்க, மூணு வருசம் கழிச்சுப் புதுப்பிக்கணும்னா ரசீது தபால்ல வந்து போகணும், தொலைஞ்சாலும் தொலையும். இங்கயே இருந்தா நாங்க பாத்துக்குவோம்" என்றாய். பணத்தை ஆலோசகர் கையில் கொடுக்கலாம் என்று ஒரு அதிகாரக் கடிதத்திலும் கையெழுத்து வாங்கிக்கொண்டு, அதற்குக் கீழே சாட்சி என்று நீயே போட்டாய். இந்தச் சின்னப் பெண்ணுக்கு இருக்கிற விவரம் நமக்கு இல்லையே என்று அன்று நினைத்துக்கொண்டேன்.

இங்கே என் நிலைமை உனக்குத் தெரியாது. தம்பி அம்பியின் வீட்டில்தான் இருக்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வைத்தியின் வட்டி செக் தவறாமல் வருகிறது. அதிலிருந்து மாதாமாதம் முந்நூறு ரூபாய் அம்பியின் மனைவி கையில் கொடுக்கிறேன். கொடுப்பதால்தான் காலையில் "அக்கா, இன்னிக்கு என்ன கொழம்பு வைக்கட்டும்?" என்று என்னைக் கேட்கிறாள். கேட்காமல் இருந்தால் அந்த வீட்டில் நான் யார்?

ஏதும் சங்கடமா என்று கேட்டு வைத்திக்கு ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். பயப்படாதே, உன் பெயரை எழுதவில்லை.

சுந்தரவல்லி


முனிர்கா
20.3.1982

அன்புள்ள மாமிக்கு,

நீங்கள் சாருக்குப் போட்ட கடிதம் என் கைப்பையில் இருக்கிறது.

காலைத் தபாலைப் பிரிப்பது என் வேலை. உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டேன். பிறருக்கு வந்த தபாலை நான் இதுவரை தொட்டதில்லை. அன்று முழுக்க டைப் அடித்ததில் எல்லாம் பிழை. "என்னம்மா வள்ளி, ஜுரமா?" என்று சார் கேட்டார். தலைவலி என்றேன். தன் மேஜையிலிருந்து மாத்திரை எடுத்துக் கொடுத்தார். அதை விழுங்கவும் பயமாக இருந்தது. முட்டாள்தனம்தான், தெரிகிறது.

இனி மறைத்துப் பயன் இல்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

மாதத் தொடக்கத்தில் வேறொருவரின் டெபாசிட் விஷயமாக நேரு பிளேஸில் இருக்கும் அந்தப் பேப்பர் கம்பெனி ஆபீஸுக்கு என்னை அனுப்பினார்கள். போன வேலை முடிந்தது. உங்கள் விலாசம் அங்கே இன்னும் மோதி பாக் என்றுதான் இருக்கும், மாற்றிக் கொடுத்துவிடுவோம் என்று எனக்குத் தானாகத் தோன்றியது. யாரும் சொல்லவில்லை. அங்கே இருக்கும் குமாஸ்தா நல்ல மாதிரி, என்னை "பேட்டி", மகளே, என்றுதான் கூப்பிடுவார். உங்கள் பெயரைச் சொன்னேன். உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தவர், "யே தோ பந்த் ஹோ கயா, பேட்டி" என்று சிரித்தார். முடித்த கணக்குக்கு விலாசம் எதற்கு என்றார்.

உங்கள் அறுபதாயிரத்தைப் போன தீபாவளிக்கு முன்பே எடுத்தாகிவிட்டது மாமி. தவணைக்கு முன்னால் எடுப்பதால் வட்டியில் கொஞ்சம் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்துவிட்டார்களாம். ரசீதின் பின்னால் உங்கள் கையெழுத்து சரியாக இருந்தது, அதிகாரக் கடிதம் இருந்தது, சாட்சிக் கையெழுத்து இருந்தது. கம்பெனி மேல் ஒரு தப்பும் இல்லை. செக் எங்கள் ஆபீஸ் பெயருக்குப் போயிருக்கிறது.

அதற்குப் பிறகும் உங்களுக்கு வட்டி வந்ததே என்று கேட்பீர்கள். நானும் பஸ்ஸில் வரும்போது அதையே கேட்டுக்கொண்டு வந்தேன். உங்களுக்கு வரும் செக்கில் இருப்பது ஆபீஸின் சொந்த பாங்க் கணக்கு. புதிதாக யாராவது பணம் கொண்டுவந்து கொடுக்கும் வாரத்தில்தான் பழையவர்களுக்கு வட்டி போகிறது. செக்கை எழுதிக் கவரில் போட்டவளே நான்தான். இதுவரை அப்படிப் பார்க்கத் தோன்றவில்லை.

பணம் எங்கே போயிற்று என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது. மத்தியானம் ஆனால் சார் ஆசப் அலி ரோட்டில் பங்கு மார்க்கெட்டுக்குப் போகிறார். முன்பெல்லாம் திரும்பி வந்து டீ குடிப்பார். இப்போது கதவைச் சாத்திக்கொள்கிறார்.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். மத்திய அரசு எழுத்தர் தேர்வில் நான் பாஸ் செய்திருக்கிறேன். போலீஸ் விசாரணை ஒன்றுதான் பாக்கி. சாத்தூரில் அப்பா தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்து என்னைப் படிக்க வைத்தார். எங்கள் தெருவில் பட்டம் வாங்கியவள் நான் ஒருத்திதான். என் பெயர் ஏதாவது ஒரு கேஸில் வந்தால் அந்த வேலை இல்லை.

உங்களிடம் அந்தக் கையெழுத்தை வாங்கியவள் நான். அது சௌகரியம் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். நானும் நம்பித்தான் உங்களுக்குச் சொன்னேன். தில்லியை விட்டுப் போகிறவர்கள் எல்லோரும் அப்படிப் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் போகிறார்கள்.

நாற்பதாயிரத்தை அனுப்பாதீர்கள்.

வள்ளி


ஸ்ரீரங்கம்
27.3.1982

வள்ளி,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்பில் போட்டேன். அம்பி கண்ணில் படக்கூடாது.

அந்த குமாஸ்தா வேறு யார் கணக்கையோ பார்த்துச் சொல்லியிருக்கலாம் இல்லையா? மதராஸிப் பெயர் என்றால் அவர்களுக்கு எல்லாம் ஒன்றுதான். நீயும் அரைகுறை ஹிந்தியில் கேட்டிருப்பாய். மறுபடி போய்க் கேட்டுப் பார்.

இதை எழுதும்போதே தெரிகிறது, நீ சொல்வது நிஜம்தான் என்று. வட்டி செக்கில் கம்பெனி பெயர் இல்லையே என்று ஒருநாள் நானே நினைத்தேன். வந்தால் சரி என்று விட்டுவிட்டேன்.

பணத்தை போஸ்ட் ஆபீஸில் போடு என்று அம்பி முதலிலேயே சொன்னான். போஸ்ட் ஆபீஸ் வட்டி எனக்குப் போதாது என்று அன்றைக்கு ஜம்பமாகப் பேசினேன். இப்போது அவன் முகத்தில் எப்படி விழிப்பேன்?

இன்னொன்று சொல்ல வேண்டும். கோபிக்காதே. வைத்தியிடமிருந்து பதிலே இல்லை என்றதும் பதற்றத்தில் எதிர்வீட்டு டாக்டர் வீட்டிலிருந்து டிரங்க் கால் போட்டுவிட்டேன். அப்போது உன் இந்தக் கடிதம் வந்திருக்கவில்லை. "என் லெட்டர் வந்துதா வைத்தி?" என்று கேட்டேன். "எந்த லெட்டர்? வரலையே மாமி" என்றான்.   பிறகு, "வள்ளிகிட்ட கேக்கறேன்" என்று சொல்லி வைத்துவிட்டான்.

நீ ஜாக்கிரதையாக இரு.

சுந்தரவல்லி


முனிர்கா
4.4.1982, ஞாயிறு

மாமி,

சார் இங்கே வந்துவிட்டுப் போனார்.

ஆபீஸில் ஒரு வாரம் ஒன்றுமே கேட்கவில்லை. என்றைக்கும் போல "குட் மார்னிங் வள்ளி." நான்தான் ஒவ்வொரு தடவையும் கதவு திறக்கும் சத்தத்துக்குத் திடுக்கிட்டேன். இன்று மத்தியானம் செல்வி யூனிவர்சிட்டி லைப்ரரிக்குப் போயிருந்தாள். துணி காயப்போட மாடிக்குப் போனேன். கீழே வீட்டுக்காரருடைய எருமைகள் கட்டியிருக்கும் இடத்தில் சாரின் பியட் கார். கயிற்றுக் கட்டிலில் வீட்டுக்காரரோடு உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தார். பெங்காலி மார்க்கெட் மிட்டாய் டப்பா ஒன்று பக்கத்தில். "உன் மாமா வந்திருக்கிறார், ஜல்தி வா" என்று வீட்டுக்காரர் ஹிந்தியில் கூப்பிட்டார். சார் தன்னை என் மாமா என்று அவரிடம் சொல்லியிருக்கிறார். இறங்கிப் போனேன்.

வீட்டுக்காரர் எழுந்து உள்ளே போனதும், "அந்த லெட்டரைக் குடும்மா" என்று கையை நீட்டினார். வேறு பேச்சே இல்லை. அறைக்குப் போய்ப் பையிலிருந்து எடுத்துவந்து கொடுத்தேன். படித்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"நேரு பிளேஸ் போனியா?"

"ஆமா சார்."

"கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே. மாமி பணம் எங்கயும் போகலை. சித்த கைமாத்தியிருக்கேன், அவ்வளவுதான். ஜூன்ல எல்லாம் நேராயிடும்."

வீட்டுக்காரர் வருகிறாரா என்று வாசலைப் பார்த்தேன்.

"அதுக்குள்ள யாராவது கூச்சல் போட்டா அத்தனை பேரும் ஒரே நாள்ல வந்து கதவைத் தட்டுவா. அப்ப மாமிக்கும் கிடையாது, யாருக்கும் கிடையாது. போலீஸ் வருவான். வந்தா மொதல்ல என்ன கேப்பான்? இதுல சாட்சி போட்டது யாருன்னு கேப்பான். யாரும்மா போட்டா?"

"நான்தான் சார்."

"ஒவ்வொரு ஆத்துக்கும் போய்க் கையெழுத்து வாங்கினது?"

"நான்தான்."

"படிச்ச பொண்ணு. நான் சொல்லித்தான் தெரியணுமா?" என்றார். அதட்டவே இல்லை மாமி. அந்தக் குரலில்தான் தினமும் டிக்டேஷன் கொடுப்பார். எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு, "உன் போலீஸ் வெரிஃபிகேஷன் எந்த ஸ்டேஷன்ல இருக்குன்னு விசாரிச்சேன். தெரிஞ்சவர்தான். சீக்கிரம் அனுப்பச் சொல்றேன்" என்றார். போகும்போது வீட்டுக்காரரிடம், பெண் குழந்தை தனியாக இருக்கிறாள், வெளியே போவது வருவது எல்லாம் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இந்தக் கடிதத்தைச் செல்வியிடம் கொடுத்து யூனிவர்சிட்டி தபால்பெட்டியில் போடச் சொல்லப் போகிறேன். அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "ஊருக்குப் போயிரு" என்கிறாள். போனால் நான்தான் எடுத்துக்கொண்டு ஓடினேன் என்பார்கள்.

என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை மாமி. உங்கள் பணம், நீங்கள் சொல்லுங்கள். நீங்கள் புகார் எழுதிக் கொடுத்தால் நான் பார்த்ததைச் சொல்ல முடியும் என்று நினைக்கிறேன். முடியுமா என்பதும் நிச்சயமில்லை.

வள்ளி


ஸ்ரீரங்கம்
12.4.1982

வள்ளிக்கு,

இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு என்னைத் திட்டாதே.

வைத்தி பேசினான். டாக்டர் வீட்டுக்கு அவனே டிரங்க் கால் போட்டு என்னைக் கூப்பிடச் சொன்னான். டாக்டர் மனைவி பக்கத்திலேயே நின்றாள், நான் எதைக் கேட்க முடியும்? உம் உம் என்றுதான் சொன்னேன். எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான் வள்ளி. மறைக்கவே இல்லை. "மாமி, உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்" என்று அழுதான். என்னால் அந்த அழுகையைக் கேட்க முடியவில்லை. நாற்பதாயிரமும் இப்போது வந்தால் இக்கட்டிலிருந்து வெளியே வந்துவிடுவானாம். ஜூன் பதினைந்தாம் தேதிக்குள் முழு லட்சத்தையும் எனக்குத்தான் முதலில் தருவானாம். மற்றவர்களுக்கு அப்புறம்தானாம்.

டிராஃப்ட் எடுத்துவிட்டேன். நாளைக்கு ரிஜிஸ்டர் தபாலில் அனுப்புகிறேன்.

நீ என்ன நினைப்பாய் என்று தெரிகிறது. போன பணத்துக்குப் பின்னால் இருக்கிற பணத்தையும் விடுகிறாளே என்று நினைப்பாய். அந்த அறுபதாயிரம் இல்லையென்றால் இந்த நாற்பதாயிரத்தில் எத்தனை வருஷம் நான் மாதம் முந்நூறு கொடுக்க முடியும்? கணக்குப் போட்டுப் பார்த்தேன். அதற்கப்புறமும் நான் உயிரோடு இருந்தால்? அந்தப் பயத்தில்தான் டிராஃப்டுக்குக் கையெழுத்துப் போட்டேன்.

உன்னைக் கேட்டுக்கொள்கிறேன். ஜூன் வரைக்கும் யாரிடமும் மூச்சு விடாதே. விசாலாக்ஷி, லீலாவதி, மோதி பாக்கில் எல்லோருமே எனக்கு வேண்டியவர்கள்தான். பதினைந்து வருஷம் ஒன்றாகக் கோலாட்டம் ஆடியிருக்கிறோம். அவர்களுக்குத் தெரிந்தால் நாளைக்கே அவன் வாசலில் போய் நிற்பார்கள். எனக்கு ஒன்றும் மிஞ்சாது. அவர்களுக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள். என் வாயில் மண்ணைப் போட்டுவிடாதே.

இப்படி எழுதுவேன் என்று நானே நினைத்ததில்லை.

சுந்தரவல்லி


முனிர்கா
20.4.1982

மாமி,

உங்கள் ரிஜிஸ்டர் தபால் சனிக்கிழமை வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கினேன். திருப்பி அனுப்புங்கள் என்று தபால்காரரிடம் சொல்ல ஒரு வார்த்தை போதும், வாய் வரைக்கும் வந்தது. நீங்கள் கேட்டுக்கொண்டதை நினைத்தேன். அதற்குள் சார் அறைக் கதவு திறந்து, "வந்துடுத்தா?" என்றார். அவர் கையில் கொடுத்துவிட்டேன். அன்றே பாங்குக்குப் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மாமியின் பணம், மாமியே சொல்லிவிட்டார், நான் வெறும் டைப்பிஸ்ட். ஜூன் வரைக்கும் இப்படியே இருந்துவிடலாம் என்று கிட்டத்தட்ட முடிவு செய்துவிட்டேன்.

நேற்று ஒரு தம்பதி வந்தார்கள். நல்லசிவம் என்று பெயர். விமானப் படையிலிருந்து போன மாதம் ரிடையர் ஆனவர். மனைவி பவுனு. ஊர் கோவில்பட்டிப் பக்கம். மே கடைசியில் ஊரோடு போகிறார்கள். படையில் கொடுத்த பணத்தை டிராஃப்டாக எடுத்துக்கொண்டு வந்திருந்தார்கள். அந்த அம்மாள் டிராஃப்டை முந்தானைக்குள்ளேயே பிடித்திருந்தார். சார் கம்பெனிகளின் பெயர்களைச் சொன்னார், வட்டியைச் சொன்னார். அவர்களுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"வள்ளி, இவாளுக்கு நீயே சொல்லிக் குடும்மா. உங்க ஊர்ப் பாஷையாச்சே" என்றார் சார்.

"எந்த ஊரு தாயி?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

"சாத்தூரு."

"ஏங்க, கேட்டியளா? நம்ம புள்ள." அந்த அம்மாளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "இங்கிலீசு, இந்தி ஒண்ணும் வெளங்காம முழிச்சிட்டுக் கெடந்தோம். நீ காட்டுத எடத்துல போட்டுட்டுப் போறோம். எங்கன போடணும்?"

விண்ணப்பத்தில் போட வேண்டிய இடத்தைக் காட்டினேன். நல்லசிவம் போட்டார். பிறகு வழக்கப்படி அதிகாரக் கடிதத்தை அவர் முன்னால் வைக்க வேண்டும். கம்பெனியிலிருந்து ரசீது வந்ததும் பின்பக்கம் கையெழுத்து வாங்க நான் வீட்டுக்கு வருவேன் என்று சொல்ல வேண்டும். இதுவரை எத்தனையோ வீடுகளில் சொன்னதுதான். தாள் என் கையிலேயே இருந்தது. சார் என் பின்னால் நின்றார்.

"இதுல போடாதீங்க" என்றேன்.

எனக்கே கேட்கவில்லை. "என்ன தாயி?" என்று அந்த அம்மாள் காதைக் கிட்டே கொண்டுவந்தார்.

"போடாதீங்கம்மா. போட்டா இவரே பணத்தை எடுத்துக்கலாம். ஒருத்தருக்கு அப்படி எடுத்தாச்சு. அதுக்கு சாட்சி போட்டவ நான்தான்."

சார் சிரித்தார். "பாவம், நாலு நாளா ஜுரம். ஒளர்றா. நீங்க போடுங்கோ சார்."

நல்லசிவம் என்னைப் பார்த்தார், சாரைப் பார்த்தார். பேனாவை மூடிச் சட்டைப் பையில் குத்திக்கொண்டார். கையெழுத்துப் போட்ட விண்ணப்பத்தையும் எடுத்து மடித்துக்கொண்டார். "ஏ பவுனு, எந்திரி" என்றார். அந்த அம்மாள் எழுந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். "நீ இங்க ஒத்தையில இருக்கப் போறியா? எங்ககூட வந்துரு" என்றார். என் கால் தானாக நடந்தது. சாப்பாட்டு டப்பா, குடை, சம்பளப் பாக்கி எல்லாம் அங்கேயே இருக்கின்றன. மாடிப்படியில் இறங்கும்போது சார் பின்னாலிருந்து, "வள்ளி, நீ என்ன பண்ணிண்டிருக்கேன்னு தெரியறதா?" என்று கேட்டார். அப்போதும் குரல் உயரவில்லை. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நின்றிருப்பேன்.

நல்லசிவம் அப்போதே போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போகிறேன் என்றார். இதில் என் மாமி ஒருவருடைய முழுப் பணமும் இருக்கிறது, அவருக்கு எழுதிவிட்டு வருகிறேன் என்றேன். இந்தக் கடிதம் உங்களிடம் வந்து சேர நாள் விட்டு, மே மூன்றாம் தேதி திங்கட்கிழமை அவர் துணையோடு போய் எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன். என் சாட்சிக் கையெழுத்தையும் சேர்த்துத்தான். நல்லசிவம் இதற்குள் மோதி பாக்கில் தெரிந்தவர்களிடம் சொல்லிவிட்டார். விசாலாக்ஷி மாமியின் பிள்ளை சாரைப் போய்ப் பார்த்தாராம். சார் சொன்னதைக் கேட்டு என்னைத் திருடி என்று அங்கே பேச்சாம்.

நீங்கள் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டீர்கள். அதை நான் செய்யவில்லை. உங்கள் பணம் இனி வராமலே போகலாம். உங்களைக் கேட்டுவிட்டுச் செய்யவும் இல்லை. கேட்டிருந்தால் நீங்கள் கூடாது என்றிருப்பீர்கள், நானும் சரி என்றிருப்பேன்.

நேற்றிலிருந்து வீட்டுக்காரர் என்னோடு பேசுவதில்லை. வாசலில் ஸ்கூட்டர் நின்றால் செல்வி எட்டிப் பார்த்துவிட்டு வந்து யார் என்று சொல்கிறாள்.

வள்ளி


ஸ்ரீரங்கம்
26.4.1982

வள்ளி,

நீ செய்ததற்கு உன்னை மெச்சுவேன் என்று எதிர்பார்க்காதே. உன் கடிதம் வந்த அன்று உன்னைச் சபித்தேன். நிஜமாகவே சபித்தேன். ஒரு லட்ச ரூபாய், இவர் முப்பத்திரண்டு வருஷம் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு ஆபீஸ் போன பணம். யாரோ கோவில்பட்டிக்காரர்களுக்காக என்னை விட்டுக் கொடுத்துவிட்டாயே என்று அழுதேன்.

மறுநாள் டாக்டர் வீட்டிலிருந்து கூப்பிட்டார்கள். வைத்தி. இந்தத் தடவை அழவில்லை. நீ ஆபீஸ் பீரோவிலிருந்து எல்லோருடைய ரசீதுகளையும் என் டிராஃப்டையும் எடுத்துக்கொண்டு ஓடிவிட்டாய் என்றான். உன்மேல் புகார் ஒன்று இங்கிலீஷில் டைப் அடித்துத் தபாலில் அனுப்பியிருக்கிறானாம். நான் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பினால் போதுமாம். அனுப்பினால் என் பணத்துக்கு அவன் பொறுப்பாம்.

 சரி என்று சொல்லிவிடலாமா என்று ஒரு க்ஷணம் நினைத்தேன். உன்னிடம் மறைப்பானேன், நினைத்தேன்தான்.

பிறகு, "ரசீதெல்லாம் வள்ளிகிட்டயா இருக்கு?" என்று கேட்டேன்.

"ஆமா மாமி, அத்தனையும்."

"அப்ப பத்திரமா இருக்கும். நீ கவலைப்படாதே வைத்தி" என்றேன்.

அவன் போனை வைத்துவிட்டான். டாக்டர் மனைவி உட்காருங்கள் என்று நாற்காலி போட்டாள். 

வீட்டுக்கு வந்து அம்பியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "நான் அப்பவே சொன்னேனா இல்லியா?" என்றான். அதைக் கேட்கத்தான் இத்தனை நாள் பயந்தேன். சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு டிக்கெட் எடுக்கப் போய்விட்டான்.

புதன்கிழமை இங்கிருந்து கிளம்புகிறேன். மதராஸில் ஒருநாள் தங்கிவிட்டு, மே இரண்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை ஜி.டி. எக்ஸ்பிரஸில் புது தில்லி வந்து சேருவேன். அம்பிக்கு லீவு இல்லை, தனியாகத்தான் வருகிறேன். பணத்தைப் போட்டவள் நான். முன்பக்கமும் பின்பக்கமும் கையெழுத்துப் போட்டவளும் நான். நீ சாட்சி மட்டும்தான் என்பதை நானே வந்து சொன்னால்தான் அவர்கள் கேட்பார்கள். அம்பி அப்படித்தான் சொல்கிறான். முதலில் மோதி பாக் போக வேண்டும். விசாலாக்ஷி என் மூஞ்சியைப் பார்த்து உன்னைத் திருடி என்று சொல்லட்டும், பார்க்கிறேன்.

பணம் வரும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. போலீஸ் ஸ்டேஷன் வாசலை நான் மிதித்ததே இல்லை. உள்ளே போனால் உட்காரச் சொல்வார்களா, நிற்க வேண்டுமா என்றுகூடத் தெரியாது. 

நீ ரயிலடிக்கு வந்துவிடு. அதற்குள் போலீஸ் உன்னை எங்காவது கூட்டிக்கொண்டு போயிருந்தால், எந்த ஸ்டேஷன் என்று சொல்லிச் செல்வியை அனுப்பு. பெட்டியோடு நேரே அங்கே வந்துவிடுகிறேன்.

சுந்தரவல்லி